நோயில்லாதவர் வரிசையில் பத்மாசனி

பத்மாசனிக்கு நோய் வருத்தம் எதுவும் இருக்கவில்லை. அதனால்தான் அவளிடம் இரத்தம் கேட்டார்கள்.

அது 2005ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். தண்ணீரூற்றிலிருந்து விடியமுதல் புறப்பட்டு, மாங்குளத்தில் பஸ் மாறி, புளியங்குளத்தில் ஒரு சோதனை, ஓமந்தையில் இன்னொரு சோதனை என்று இறங்கி ஏறி, பைகளைத் திறந்து மூடிக் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்திருந்தாள். போனது தனக்காக அல்ல. பக்கத்து வளவு றிப்காவுக்குத் துணையாகப் போனாள்.

றிப்காவுக்கு இருபத்தேழு வயது. தொண்ணூறில் முஸ்லிம்களை ஊரைவிட்டு வெளியேற்றியபோது, பன்னிரண்டு வயதுப் பிள்ளையாக உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு புத்தளத்துக்குப் போனவள். சமாதான காலத்தில் பாதை திறந்தபிறகு, புருஷன் நிஸாரோடும் கைக்குழந்தை பஸ்லியாவோடும் பழைய காணிக்குத் திரும்பி வந்து, கூரை போட்டுக் குடியிருந்தாள். நிஸார் முல்லைத்தீவுக் கரையில் மீன் எடுத்து, ஐஸ் அடித்து, லொறியில் கொழும்புக்குக் கொண்டுபோகிறவன். மீன் போகிற நாளும் கிளினிக் நாளும் ஒருபோதும் ஒத்துவராது.

றிப்காவின் வருத்தம் கிணற்றடியில் தொடங்கியது. வாளியைப் பாதி இழுக்கும்போதே இடது கை சோர்ந்து விழும். பிறகு தலைசுற்று, பிறகு பின்னேரக் காய்ச்சல். ஊர் ஆஸ்பத்திரியில் நாடி பார்த்த நேர்ஸ் இரண்டு முறை பிடித்துப் பார்த்துவிட்டு டொக்டரைக் கூப்பிட்டாள். இடது மணிக்கட்டில் நாடியே இல்லை. கொழும்பில் பெயர் சொன்னார்கள்: தக்கயாசு. ஜப்பான்காரக் கண் டொக்டர் ஒருவரின் பெயராம். நெஞ்சிலிருந்து கைக்கும் கழுத்துக்கும் போகிற பெரிய இரத்தக்குழாய்களின் சுவர் அழன்று வீங்கி, உள்வழி ஒடுங்கிப்போகிற நோய். இளம் பெண்களைத்தான் கூடப் பிடிக்குமாம்.

கிளினிக்கில் இருந்த பெண் டொக்டர் தமிழ் கதைப்பவர். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்து வைப்பவர்போலக் கதைப்பார். றிப்காவைப் பார்த்து முடித்தபிறகு, மூலையில் நின்ற பத்மாசனியைப் பார்த்தார்.

"உங்களுக்கு என்ன வயது?"

"முப்பத்தொண்டு."

"ஏதாவது வருத்தம் இருக்கிறதா?"

"ஒண்டுமில்லை டொக்டர். நான் இவவோட வந்தனான்."

"நல்லது. அப்படியான ஆள்தான் எனக்கு வேண்டும்."

டொக்டர் ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நாம் இழுக்கிற மூச்சில் உள்ள ஒட்சிசனில் ஒரு பகுதி, உடம்புக்குள் வேலை செய்யும்போது தறிகெட்டுப் போகும் என்று அவர் விளக்கினார். அது கிட்ட உள்ளதையெல்லாம் அரிக்கும். அதைப் பிடித்து அடக்குவதற்கென்றே இரத்தத்தில் நொதியங்கள் இருக்கின்றன. இரத்தக்குழாய் அழன்றவர்களின் உடம்பில் அந்த அரிப்பு அளவுக்கு மிஞ்சிவிட, நொதியங்களுக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை என்று அவர் சந்தேகித்தார். அதை அறிய நோயாளிகளின் இரத்தம் மட்டும் போதாது. அதே வயதில், நோயில்லாத பெண்களின் இரத்தமும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பத்மாசனி சம்மதித்தாள். ஒரு நேர்ஸ் கேள்விகள் கேட்டுப் படிவம் நிரப்பினாள். இரண்டு சிறிய கண்ணாடிக் குழாய்களில் இரத்தம் எடுத்து, ஒரு பிஸ்கட் பைக்கற்றும் கொடுத்தாள். பஸ்ஸில் வரும்போது றிப்கா சிரித்தாள்.

"அக்கா, எனக்கு வருத்தம். உங்களுக்கு பிஸ்கட்."

அடுத்த வருடம் சித்திரையில் றிப்கா கிளினிக்குக்கு நிஸாரோடு போய்வந்தாள். வந்ததும் நேரே பத்மாசனியின் வளவுக்குள் வந்தாள். முகம் சரியில்லை.

"உங்களையும் ஒருக்கா வரச் சொல்லுறா அக்கா, டொக்டர்."

"என்னையோ? என்னத்துக்கு?"

"ஒண்டும் சொல்லேல்ல. வரச் சொல்லுங்கோ எண்டு மட்டும்தான் சொன்னா."

அன்றைக்குத் தொடங்கியது. ஒன்றும் சொல்லவில்லை என்றால் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது என்று பத்மாசனி எடுத்துக்கொண்டாள். அடுப்பில் சோறு கருகியது. முற்றத்தைக் கூட்டி முடித்து, அதே முற்றத்தை மறுபடியும் கூட்டினாள். கணவன் யோகநாதன் இரண்டு நாள் பார்த்துவிட்டு, "போட்டு வா. இஞ்ச நிண்டு நிலத்தைத் தேய்க்காத" என்றான்.

வைகாசியில் போனாள். டொக்டர் மேசையில் ஒரு தாளை விரித்தார். தாளில் புள்ளிகள். மேலே ஒரு கூட்டம், கீழே ஒரு கூட்டம்.

"இவை நோயில்லாதவர்கள். கீழே இருப்பவை நோயாளிகள். இதுதான் உங்களுடையது."

பத்மாசனியின் புள்ளி கீழே, நோயாளிகளின் நடுவில் கிடந்தது.

"அப்ப எனக்கும் அந்த வருத்தமோ?"

"அப்படிச் சொல்ல முடியாது. நொதியம் குறைந்திருக்கிறது. அவ்வளவுதான் தெரியும்."

டொக்டர் இரண்டு மணிக்கட்டிலும் நாடி பிடித்தார். கழுத்தில் குழாய் வைத்துக் கேட்டார். இரண்டு கையிலும் பிரஷர் பார்த்தார். வலது நூற்றிருபது, இடது நூற்றுப்பத்து. பத்து வித்தியாசம் பலருக்கும் இருக்கும் என்றார். பிறகு படிவத்தைப் புரட்டிக்கொண்டே, "வீட்டில்தானே இருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"இல்லை டொக்டர். எங்களுக்கு மில் இருக்கு. அரிசி மா, மிளகாய்த்தூள் அரைக்கிறது. நான்தான் மெசினில நிக்கிறனான்."

"என்ன மெசின்?"

"டீசல் எஞ்சின்."

"புகை?"

"புகைதான். கொட்டிலுக்குள்ளதானே நிக்குது."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். படிவத்தில் தொழில் என்ற இடத்தில் வீட்டுப் பணி என்று எழுதியிருந்தது. நேர்ஸ் கேட்காமலே எழுதியிருக்க வேண்டும். நாள் முழுக்க டீசல் புகைக்குள்ளும் மிளகாய்த் தூசிக்குள்ளும் நிற்கிற ஒருத்தியின் நொதியம் அதனாலேயே குறையலாம் என்றார் டொக்டர். அல்லது நோய் இப்போதுதான் தொடங்குகிறதாகவும் இருக்கலாம். பிரித்தறிய ஒரே வழிதான் உண்டு. மூன்று மாதம் மில்லுக்குப் போகாமல் இருந்துவிட்டு வந்து மறுபடி இரத்தம் கொடுக்க வேண்டும். கொப்பியில் திகதி எழுதினார்: 16.08.2006.

அந்த மூன்று மாதமும் பத்மாசனி தன் வாழ்க்கையில் சும்மா இருந்த முதல் மூன்று மாதம். யோகநாதன் தனியே மில்லைப் பார்த்தான். பக்கத்தில் எஞ்சின் சத்தம் கேட்கும்போது அவள் வேலிக்கும் குசினிக்குமாக நடப்பாள். பெருவிரலுக்குக் கீழே, எலும்பின் உட்பக்கம், இரண்டு விரலை மெல்ல வைத்து நாடியைத் தேடும் விதத்தை றிப்காவிடம் பழகியிருந்தாள். அதைப் பழகாமல் இருந்திருக்கலாம். ஒரு நாளைக்கு இருபது தரம் பார்ப்பாள். இடது கையில் மெலிவாக அடிப்பதுபோல இருக்கும். அழுத்திப் பிடித்தால் இன்னும் மெலியும். விட்டுப் பிடித்தால் வந்துவிடும். மில்லில் மூடையைத் தூக்கி மெசினின் வாயில் கொட்டும்போதெல்லாம் இடது தோள் உளைந்ததே, அது வேலை உளைவா, இரத்தம் போகாத உளைவா?

"இஞ்சாருங்கோ, ஒருக்காப் பிடிச்சுப் பாருங்கோ. ரெண்டும் ஒரே மாதிரியோ?"

யோகநாதன் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக் கண்ணை மூடுவான்.

"ஒரே மாதிரித்தான்."

"வடிவாப் பாருங்கோ."

"என்ர விரல் காய்ச்சுப்போன விரல். உலக்கை இடிச்சாலும் எனக்குத் தெரியாது. நீ நல்லாத்தான் இருக்கிறாய், போய்ப் படு."

ஆவணி பதினோராம் திகதி, கொப்பியில் எழுதிய நாளுக்கு ஐந்து நாள் முன்பு, சண்டை தொடங்கிப் பாதை பூட்டப்பட்டது. பத்மாசனி பயணத்துக்குச் சேலை மடித்து வைத்திருந்தாள். இரண்டொரு நாளில் திறந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பதினாறாம் திகதி காலை அவள் சந்திவரைக்கும் போய் நின்றுவிட்டு வந்தாள். எதற்குப் போனாள் என்று அவளுக்கே தெரியாது.

நிஸார் லொறியோடு அந்தப் பக்கம் அகப்பட்டுக்கொண்டான். றிப்கா குழந்தையோடு இந்தப் பக்கம். அவளிடம் இருபத்தெட்டு நாளுக்கு மட்டுமே குளிசை இருந்தது. பிரெட்னிசோலோன், சின்ன வெள்ளைக் குளிசை. இரத்தக்குழாயின் அழற்சியை அடக்கி வைப்பது அதுதான். ஒருநாளும் திடீரென்று நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் உடம்பு தாங்காது என்று டொக்டர் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தார்.

இதைக் கேட்டபிறகு பத்மாசனி வீட்டில் நிற்கவில்லை. சைக்கிளை எடுத்தாள். முல்லைத்தீவு ஆஸ்பத்திரி, ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு என்று போனாள். மருந்து ஏற்றிய லொறிகள் வராத காலம். ஓரிடத்தில் ஏழு குளிசை கிடைத்தது, ஓரிடத்தில் நான்கு. ஓர் ஆஸ்பத்திரி டொக்டர், அளவை எப்படி ஒவ்வொரு கிழமையும் மெல்ல மெல்லக் குறைப்பது என்று துண்டில் எழுதிக் கொடுத்தார். முழுக்குளிசை அரையாகி, அரை காலாகும் வரைக்கும் றிப்கா பிளேட்டால் வெட்டினாள். தூளாகப் போனதை விரலால் ஒற்றி நாக்கில் வைத்தாள்.

புதுக்குடியிருப்பு மருந்தகத்தில் நின்ற ஒருவர், விசுவமடுவில் வீரகத்தி என்றொரு இழுப்பு வருத்தக்காரர் இருக்கிறார், கனடாவில் உள்ள மகன் இந்தக் குளிசையை அவருக்கு டப்பாவோடு அனுப்பியிருக்கிறான் என்றார். பத்மாசனி அங்கிருந்தே சைக்கிளைத் திருப்பினாள்.

வீரகத்தி கச்சான் கடலை காய்ந்துகொண்டிருந்த முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"எத்தினை வேணும் பிள்ளை?"

"இருக்கிறதெல்லாம் தந்தால் நல்லம்."

"அப்ப எனக்கு மூச்சு இழுத்தா?"

கேட்டுவிட்டு அவரே எழுந்து உள்ளே போய், டப்பாவைக் கொண்டுவந்து ஒரு சுளகில் கொட்டினார். கையால் நடுவில் கோடு போட்டுப் பிரித்தார். பிறகு தன் பக்கத்திலிருந்து ஒரு பிடியை மறுபக்கம் தள்ளினார்.

"மாசியிலதான் எனக்குக் கூட வாறது. அதுக்குள்ள பாதை திறந்திடும். கொண்டு போம்."

அதை வைத்து றிப்கா மார்கழி கடக்கும்வரை ஓடினாள். ஆனால் அளவு போதவில்லை. பின்னேரக் காய்ச்சல் திரும்பி வந்தது. ஒருநாள் கண் இருண்டு முற்றத்தில் விழுந்தாள். 2007 தை மாதம், செஞ்சிலுவைக்காரர் துணையோடு நோயாளிகளை ஓமந்தைக்கு அப்பால் கொண்டுபோகும் அம்புலன்ஸில் அவளுக்கும் குழந்தைக்கும் இடம் கிடைத்தது. ஏறும்போது றிப்கா பத்மாசனியின் இடது கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"அடிக்குது அக்கா. நான் டொக்டரிட்டச் சொல்லுறன். உங்கட இரத்தத்தை எப்பிடியும் எடுக்க வைப்பன்."

பத்மாசனி வேறு வழியின்றி மில்லுக்குத் திரும்பினாள். யோகநாதனால் ஒருவராக முடியவில்லை. மூக்கைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு நின்றாள். டீசல் அருமையாகி, மண்ணெண்ணெயில் கிடைத்ததைக் கலந்து எஞ்சின் ஓடியது. முந்திய புகை இதோடு பார்க்கப் புகையே இல்லை. ஒவ்வொரு மூச்சும் உள்ளே போய் என்ன செய்கிறது என்று இப்போது அவளுக்குத் தெரியும். தெரியாத காலத்தில் மிளகாய்க் காரத்துக்குத் தும்மியதோடு சரி.

சித்திரையில் செஞ்சிலுவைக் கடிதம் ஒன்று வந்தது. ஐந்து வரி. "நான் சுகம். மருந்து கிடைக்குது. டொக்டர் உங்களை மில்லுக்குப் போக வேண்டாம் எண்டு சொன்னா. பாதை திறந்ததும் வரட்டாம். பயப்பிட வேண்டாமாம்." பயப்பட வேண்டாம் என்றது பயப்பட ஒன்றுமில்லை என்பதாலா, பயந்தும் பயனில்லை என்பதாலா என்று பத்மாசனி அந்த ஐந்து வரியையும் மடிப்புக் கிழியும்வரை வாசித்தாள். 2008இல் எண்ணெய் முற்றாக நின்று மில் தானாக நின்றது. டொக்டர் சொன்ன மூன்று மாதம் கடந்தது, ஆறு மாதம் கடந்தது. இரத்தம் எடுக்கத்தான் ஆளில்லை.

அந்த வருடக் கடைசியில் இடப்பெயர்வு தொடங்கியது. விசுவமடு, சுதந்திரபுரம், வேறும் பல இடங்கள், கடைசியில் கடலுக்கும் நீரேரிக்கும் நடுவில் முள்ளிவாய்க்கால். எந்த இடத்திலும் பதினைந்து நாளுக்கு மேல் இருக்கவில்லை. பங்கர் வெட்டினார்கள், விட்டுவிட்டு நடந்தார்கள், மறுபடி வெட்டினார்கள். மண் மூடையை இடது தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய அந்த மாதங்களில் கை உளைந்ததா என்று பின்னர் யோசித்தபோது அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

வைகாசி முதற்கிழமை, யோகநாதன் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் ஷெல் விழுந்தது. இரண்டு பேர் அவனைத் தறப்பாளில் வைத்துக் கொண்டுவந்து கிடத்தினார்கள். நெஞ்சுப்பக்கம் இரத்தம். முகத்தில் ஒன்றுமில்லை. பத்மாசனி அவன் வலது மணிக்கட்டைப் பிடித்தாள். பெருவிரலுக்குக் கீழே, எலும்பின் உட்பக்கம். இல்லை. இடதில் பிடித்தாள். அழுத்தினால் மெலியும் என்று தெரியும், அதனால் மெல்லப் பிடித்தாள். கழுத்தில் வைத்தாள். மறுபடி வலது கை. தறப்பாளில் கொண்டுவந்தவர்களில் ஒருவர், "அக்கா, விடுங்கோ" என்றார். அவள் விடவில்லை. நாடி இல்லாமலும் ஆள் உயிரோடு இருப்பதைப் பார்த்தவள் அவள். றிப்காவின் கையில் நாடி இல்லை, றிப்கா சிரித்துக் கதைத்தாள். ஆகவே தேடிக்கொண்டே இருந்தாள். கை குளிர்ந்தபிறகுதான் விரலை எடுத்தாள். பங்கருக்குப் பக்கத்து மண்ணை வெட்டி அவனைப் புதைக்கும்போது மாலை நாலு மணியிருக்கும்.

அதற்குப் பிறகு பத்மாசனி தன் நாடியைப் பார்க்கவில்லை.

சண்டை முடிந்தபின் எல்லோரையும் அடைத்துவைத்த செட்டிகுளம் முகாமில் அவள் பெயரை நிஸார் பட்டியலில் தேடிக் கண்டுபிடிக்க ஆவணி ஆகிவிட்டது. றிப்காவும் அவனும் வவுனியாவில் வாடகை வீட்டில் இருந்தார்கள். முட்கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று றிப்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். முகம் குளிசையால் உப்பிப் போயிருந்தது. பத்மாசனிக்கு முதலில் ஆளைத் தெரியவில்லை. றிப்காவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். யோகநாதனைப் பற்றிக் கேட்டாள். பத்மாசனி கையை விரித்தாள். கம்பியோரம் கூடிநின்றவர்களின் சத்தத்துக்குள் வேறெதுவும் கதைக்க முடியவில்லை.

மார்கழியில் முகாமிலிருந்து பத்து நாள் வெளியே போய்வர அனுமதித்தார்கள். பத்மாசனி றிப்கா வீட்டுக்குப் போனாள். மூன்றாம் நாளே றிப்கா அவளை ஒரு டிஸ்பென்சரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே பிரஷர் பார்த்தவர் இரண்டு கையிலும் பார்த்தார். வலது நூற்றுப் பதினெட்டு, இடது நூற்றுப் பதினாலு.

"நாலுதான் வித்தியாசம். கழுத்திலயும் ஒரு சத்தமும் இல்லை. ஏன் கேக்கிறியள்?"

"சும்மாதான்" என்றாள் பத்மாசனி.

அன்று பின்னேரம் நிஸாரின் போனில் கொழும்பு டொக்டருக்கு எடுத்தார்கள். டொக்டருக்கு ஞாபகம் இருந்தது. அளவுகளைக் கேட்டார். நான்கு வருடத்தில் நாடி குறையவில்லை, காய்ச்சல் இல்லை, வித்தியாசம் கூடவில்லை என்றால் அந்த நோய் இல்லை என்றே தான் நம்புவதாகச் சொன்னார். ஆராய்ச்சி 2008இலேயே முடிந்துவிட்டதாம். பத்மாசனியின் புள்ளியைச் சேர்க்கவில்லையாம். நோயாளியும் அல்லாமல், புகைக்குள் நின்றதால் ஒப்பிடவும் முடியாமல் இருந்ததால் எடுத்துவிட்டார்களாம்.

"இரண்டாவது இரத்தம் கிடைத்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். உங்களைப் பயப்படுத்திவிட்டேன். மன்னிக்க வேண்டும்."

"பரவாயில்லை டொக்டர்" என்று போனைக் கொடுத்தாள் பத்மாசனி.

றிப்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சந்தோஷமில்லையா அக்கா?"

"சந்தோஷம்தான். சொல்லுறதுக்கு என்ர மனுசன் இல்லை. நான் அப்பவே சொன்னனான் எண்டு ஒரு பாட்டுப் பாடியிருப்பார்."

அவளுக்கு அழுகை வந்தது. முகாமில் அழ இடம் இருக்கவில்லை. றிப்கா வீட்டுப் பின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே பஸ்லியா பள்ளிக்கூடப் பாடத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்க, பொழுது படும்வரை அழுதாள்.

அடுத்த நாள் காலையிலேயே நடக்கத் தொடங்கிவிட்டாள். வவுனியாவில் கடைகடையாக ஏறி வேலை கேட்டாள். மில்லுகளில் மட்டும் கேட்கவில்லை. ஒரு சாப்பாட்டுக் கடையில், முகாமிலிருந்து நிரந்தரமாக விட்டதும் வா என்றார்கள். ஊருக்கு எப்போது போகலாம் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தாள். ஒருவர் தை என்றார், ஒருவர் சித்திரை என்றார், ஒருவர் கண்ணிவெடி எடுத்து முடிய இரண்டு வருடம் என்றார். ஒன்பதாம் நாளே பையைக் கட்டினாள்.

"பத்து நாள் எண்டுதானே துண்டில போட்டிருக்கு. நாளைக்குப் போங்களன்" என்றாள் றிப்கா.

"இல்லையடி. காணிப் பதிவுக்கு ஆக்கள் வருகினமாம், நான் நிக்காட்டிப் பெயரை வெட்டிப்போடுவாங்கள்."

அது உண்மையா, கேள்விப்பட்டதா என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. நிஸார் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டான். செட்டிகுளம் பஸ் நிறையாமல் வெகுநேரம் நின்றது. பத்மாசனி இரண்டு முறை இறங்கி, எப்போது எடுப்பான் என்று சாரதியிடம் கேட்டுவிட்டு வந்து ஏறினாள். கடைசியில் பஸ் நகர்ந்தபோது இருக்கைகள் பாதி காலியாகக் கிடந்தன. அவள் முன் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாதையைப் பார்த்தபடி நின்றுகொண்டே போனாள்.